ஐட்டம் திருட்டு: மேஜிக் கலைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சி, கரூர், புதுக்கோட்டைப் பக்கம் 22 வருடமாக மேஜிக் ஷோ செய்கிறேன். பிறந்தநாள், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா, கோயில் திருவிழா, எது வந்தாலும் போவேன். தொழிலில் இருப்பவர்கள் போன் செய்தால் ஐந்து நிமிடத்தில் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "அண்ணே, நம்ம ஐட்டத்தை ஒருத்தன் அப்படியே அடிச்சிட்டாண்ணே." மேடையில் செய்யும் வித்தையைத்தான் நாங்கள் ஐட்டம் என்போம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் பட்ட பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

பக்கத்து ஊர்க்காரர் நான் செய்யும் ஐட்டத்தையே செய்கிறார். இது திருட்டுதானே?

எந்த ஐட்டம்? காலிச் சட்டியிலிருந்து புறா வரும் புறாச் சட்டியா, உள்ளே போட்ட பொருளை மாற்றிக் காட்டும் சேஞ்ச் பேக்கா, கயிற்றை வெட்டி ஒட்டுவதா, ஒன்றோடொன்று கோத்துக் காட்டும் வளையமா? அப்படியென்றால் மறந்துவிட்டு வேறு வேலை பாருங்கள். நீங்கள் வாங்கிய மாதிரியே அவரும் கடையில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். "செப்பிடு வித்தை" என்று நம் ஆட்கள் பெயர் வைத்ததே செப்புகளையும் உருண்டைகளையும் வைத்துச் செய்த வித்தையைப் பார்த்துத்தான். தெருவில் அதைச் செய்தவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கவிழ்த்துக் காலி செய்த பிறகும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும் வற்றாத சொம்பும் அப்படித்தான். வங்காளத்து மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் அதை "வாட்டர் ஆஃப் இந்தியா" என்று உலக மேடைகளுக்கெல்லாம் கொண்டுபோனார். அதற்காகச் சொம்பு அவருக்குச் சொந்தமாகிவிடவில்லை.

சர்க்கார் என்றதும் ஞாபகம் வருகிறது. அவர் 1971-ல் ஜப்பானுக்கு ஷோ நடத்தப் போன இடத்திலேயே இறந்துபோனார். அவருடைய மகாராஜா உடையும் தலைப்பாகையும் மட்டும் இன்னும் நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நானும் ஆறு வருடம் கட்டினேன்.

அப்படியானால் எதுதான் என்னுடையது?

கடையில் வாங்கிய சாமானைக் கழித்துவிடுங்கள். அது வேலை செய்யும் ரகசியத்தையும் கழித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்களுடையது. மிச்சமே இல்லையென்றால் உங்களிடம் திருட எதுவும் இல்லை. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. எனக்கும் ஒரு காலத்தில் வந்தது.

என் உதாரணத்தையே சொல்கிறேன். என் ஷோவில் சொம்பு ஐட்டம் குழாயடியில் நடக்கும். அப்பத்தா வரிசையில் நிற்கிறார். முன்னால் நின்றவர்கள் எல்லாரும் குடம் நிரப்பிக்கொண்டு போய்விட, இவர் முறை வரும்போது குழாய் நின்றுவிடுகிறது. சொம்பைக் கவிழ்த்துக் காட்டுகிறார், சொட்டு இல்லை. ஒரு பிள்ளை தாகம் என்கிறது. சொம்பிலிருந்து தண்ணீர் வருகிறது. மறுபடி கவிழ்க்கிறார். ஒவ்வொரு முறை கவிழ்க்கும்போதும் ஒரு இருமல் இருமுவார். நாலாவது தடவை அப்பத்தா இருமுவதற்கு முன்பே பிள்ளைகள் இருமிவிடுவார்கள். அந்த இடத்துக்கு வந்து சேர எனக்கு மூன்று வருடம் ஆனது. முதல் வருடம் அப்பத்தாவே கிடையாது, வெறும் சொம்புதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளியில் ஷோ முடிந்ததும் தலைமையாசிரியர், "போன வருஷமும் இந்த ஆயா கதையைத்தானே செஞ்சீங்க?" என்று கேட்டார். போன வருடம் நான் அங்கே போகவே இல்லை. வேறொருவர் என் அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பெயர்கூட மாற்றவில்லை. செத்துப்போன என் சொந்த அப்பத்தாவின் பெயர் அது.

சொம்பு பொது. அப்பத்தா பொது இல்லை. கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் இதுதான் அளவுகோல்.

நம் நாட்டுச் சட்டத்தில் மேஜிக்குக்கு இடம் உண்டா?

உண்டு. பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. 1957-ஆம் ஆண்டு காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 2-ஆம் பிரிவில் "நிகழ்த்துநர்" யார் யார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நடிகர், பாடகர், நடனக்காரர், கழைக்கூத்தாடி என்று போகும் அந்த வரிசையில் செப்பிடு வித்தைக்காரரும் இருக்கிறார். பாம்பாட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறோம், ஆனாலும் இருக்கிறோம்.

ஆனால் அந்த நிகழ்த்துநர் உரிமை என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் ஷோவை உங்கள் சம்மதம் இல்லாமல் பதிவு செய்தாலோ அந்தப் பதிவைப் பரப்பினாலோ கேட்கும் உரிமை அது. 50 வருடம் இருக்கும். இன்னொருவர் தன் கை, தன் வாயால் உங்களைப் போலவே செய்தால் அதை இந்த உரிமை தடுக்காது.

அதற்கு வேறொரு வழி இருக்கிறது. அதே பிரிவில் "நாடகப் படைப்பு" என்பதற்குள், பேசாமல் நடித்துக் காட்டும் ஊமைக் கூத்தும் அடங்கும். ஒரே நிபந்தனை, அதன் காட்சி அமைப்போ நடிப்போ எழுத்திலோ வேறு விதத்திலோ பதிவாகியிருக்க வேண்டும். உங்கள் ஐட்டத்தை நாடகம் போல எழுதி வைத்தால், எங்கே நிற்கிறீர்கள், என்ன சொல்கிறீர்கள், எப்போது விளக்கு மாறுகிறது என்பதோடு, அது ஒரு படைப்பு. பதிவு செய்வது கட்டாயம் இல்லை, எழுதிய அன்றே உரிமை வந்துவிடும். பதிவு செய்தால் சாட்சிக்கு ஆகும். நாடகப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். எழுதும்போது ரகசியத்தை எழுத வேண்டியதில்லை, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதினால் போதும்.

வெறும் யோசனைக்கு உரிமை கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. "குழாயடியில் சொம்பு" என்பது யோசனை. அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

மேஜிக் ஐட்டத்துக்காக யாராவது வழக்குப் போட்டு ஜெயித்திருக்கிறார்களா?

அமெரிக்காவில் டெல்லர் ஜெயித்தார். பென் அண்ட் டெல்லர் என்ற மேஜிக் ஜோடியில் மேடையில் வாயே திறக்காதவர் அவர். அவருடைய "ஷேடோஸ்" என்ற ஐட்டத்தில் மேசையில் ஒரு ஜாடி, அதில் ஒரு ரோஜா. வெளிச்சம் பட்டு ரோஜாவின் நிழல் பின்னால் இருக்கும் திரையில் விழுகிறது. டெல்லர் கத்தியோடு வந்து பூவைத் தொடாமல் நிழலை வெட்டுகிறார். நிழலில் எந்த இலை வெட்டுப்படுகிறதோ, ஜாடியில் அதே இலை உதிர்கிறது.

இதை அவர் 1983-லேயே ஊமைக் கூத்தாக, ஒவ்வொரு அசைவையும் விவரித்து, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்து வைத்திருந்தார். 2012-ல் ஐரோப்பாவைச் சேர்ந்த ஜெரார்டு டோக்கே என்ற கலைஞர் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒன்றைச் செய்து யூடியூபில் போட்டு, ரகசியத்தை 3,050 டாலருக்கு விற்பதாக அறிவித்தார். டெல்லர் நெவாடாவில் வழக்குப் போட்டார். 2014-ல் தீர்ப்பு வந்தது. மேஜிக் வித்தைக்குக் காப்புரிமை இல்லை. ஆனால் இது ஊமைக் கூத்தும்கூட, அதற்கு உண்டு என்றார் நீதிபதி. "நான் செய்யும் முறை வேறு" என்று எதிர்த்தரப்பு வாதாடியது எடுபடவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பது பார்வையாளருக்குத் தெரியாது, அவர் பார்ப்பது ரோஜா, நிழல், கத்தி.

அப்பத்தா விஷயத்தில் எனக்குக் கண் திறந்தது இதைப் படித்த பிறகுதான். அதுவரை நான் சொம்பைக் காப்பாற்றப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டெல்லருக்கும் முன்னால், விலங்கு அவிழ்த்துத் தப்பிப்பதில் பெயர்பெற்ற ஹூடினி இந்த வழியில் போயிருக்கிறார். தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகீழாகத் தொங்கித் தப்பிக்கும் ஐட்டத்தை 1911-ல் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் ஒரு நாடகமாக நடத்தினார். பார்க்க வந்தது ஒரே ஒரு ஆள். கூட்டம் வரவில்லை என்று நினைக்காதீர்கள், நாடகம் என்று சட்டப்படி உரிமை வாங்க அந்த ஒரு ஆள் போதும் என்றுதான் அப்படிச் செய்தார்.

பேடண்ட் (கண்டுபிடிப்புக்கு அரசு தரும் உரிமை) வாங்கிவிட்டால் யாரும் தொட முடியாதே?

பேடண்ட் வாங்கினால் வேலை செய்யும் விதத்தை வெளிப்படையாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதை யாரும் எடுத்துப் படிக்கலாம். இதில் மாட்டிக்கொண்டவர் ஹொரஸ் கோல்டின். 1921 ஜனவரியில் லண்டனில் செல்பிட் என்பவர் பெண்ணைப் பெட்டியில் வைத்து அறுக்கும் ஐட்டத்தை மேடையேற்றினார். சில மாதத்தில் அமெரிக்காவில் கோல்டின் அதைத் தன் பாணியில் செய்தார், தனக்கு முன்பே தோன்றிய யோசனை என்றும் சொல்லிக்கொண்டார். 1923-ல் தன் வடிவத்துக்குப் பேடண்ட்டும் வாங்கிவிட்டார். பிறகு ஒரு சிகரெட் கம்பெனி தன் விளம்பரத்தில் அந்த ரகசியத்தைப் படம் போட்டுக் காட்டியது. கோல்டின் வழக்குப் போட்டார். 1938-ல் தள்ளுபடி. நீங்களே பேடண்ட்டில் ஊருக்குச் சொன்ன ரகசியத்தை ரகசியம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

என் ஷோ வீடியோவை வெட்டித் தன் பக்கத்தில் போட்டிருக்கிறார். என்ன செய்வது?

ஒப்பிட்டால் இது சுலபம். முதலில் ஸ்கிரீன்ஷாட், லிங்க், தேதி மூன்றையும் எடுத்து வையுங்கள். அவருக்குத் திட்டி மெசேஜ் அனுப்பினால் உடனே அழித்துவிடுவார், அப்புறம் உங்களிடம் ஆதாரம் இருக்காது. பிறகு யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் இருக்கும் காப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். யூடியூபில் மூன்று ஸ்டிரைக் (காப்புரிமை மீறல் எச்சரிக்கை) விழுந்தால் சேனலே போகலாம் என்பதால் பெரும்பாலும் முதல் புகாரிலேயே இறங்கி வருவார்கள்.

இதில் ஒரு சிக்கல். அந்த வீடியோவை எடுத்தது யார்? பிறந்தநாள் வீட்டுக்காரர் காசு கொடுத்து வைத்த வீடியோகிராபர் எடுத்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், நம் சட்டப்படி அந்தப் பதிவின் உரிமை காசு கொடுத்த வீட்டுக்காரருக்குப் போகும். உங்களிடம் நிகழ்த்துநர் உரிமை இருக்கிறது, ஆனால் படிவத்தில் "இது என் வீடியோ" என்று டிக் அடித்தால் அது பொய். அதனால் அட்வான்ஸ் வாங்கும்போதே ஒரு வரி எழுதி வாங்கிவிடுகிறேன்: ஷோ பதிவை நான் பயன்படுத்தலாம், மூன்றாம் நபருக்குக் கொடுப்பதானால் என்னைக் கேட்க வேண்டும். வீட்டுக்காரர்கள் யாரும் இதற்கு மறுத்ததில்லை. பாதிப் பேர் படிப்பதே இல்லை.

இன்னொருவர் தானே செய்து பதிவு செய்து போட்ட வீடியோவுக்கு இந்தப் படிவத்தை அவசரப்பட்டுப் போடாதீர்கள். அவர் எதிர்மனு போட்டால் நீங்கள் கோர்ட்டுக்குப் போனதற்கு ஆதாரம் காட்ட வேண்டிவரும்.

நேரில் எப்படிப் பேசுவது?

முதல் போனை நீங்களே செய்யுங்கள், தனியாக. வாட்ஸ்அப் குரூப்பில் பெயரைப் போட்டுக் கிழிக்காதீர்கள். அவதூறு என்று வம்பு உங்கள் பக்கமே திரும்பலாம். அது ஒருபுறம் இருக்க, பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் எவனும் தப்பை ஒத்துக்கொள்ள மாட்டான்.

என் அப்பத்தாவைக் கொண்டுபோன ஆளைக் கண்டுபிடித்து போன் செய்தேன். வயது 23 இருக்கும். நான் பெயரைச் சொன்னதும் பையனுக்கு ஏக சந்தோஷம். "அண்ணே! உங்க வீடியோவைப் பாத்துப் பாத்துதாண்ணே கத்துக்கிட்டேன்!" என்றான். திருடின ஆளிடம் பேசத் தயாராகிப் போனவனுக்கு ரசிகன் கிடைத்தான். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கடைசியில் நான் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, சொம்பை நீ வச்சுக்க. அப்பத்தாவை மட்டும் திருப்பிக் குடுத்துரு. அது என் வீட்டு ஆளு." பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப நான் என்னண்ணே செய்யறது? அடுத்த வாரம் ரெண்டு ஷோ இருக்கு," என்றான். அது நியாயமான கேள்வி. வீட்டுக்கு வரச் சொன்னேன். அவன் அப்பா டீக்கடை வைத்திருந்தவர். பாய்லர், டபரா, கடன் நோட்டு என்று பேசிப் பேசி ஒரு மாலைக்குள் அவனுக்கு ஒரு கதை பிடிபட்டது.

எல்லாரும் இப்படி இருக்க மாட்டார்கள். இன்னொருவர், என்னைவிட மூத்தவர், என் தொடக்கப் பேச்சை வரிக்கு வரி சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டபோது, "உன்கிட்ட என்னப்பா இருக்கு எடுக்கிறதுக்கு?" என்றார். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன், பதில் இல்லை. வழக்குப் போடும் அளவுக்குப் பணம் இல்லை, போடவில்லை. தொடக்கப் பேச்சை நான் மாற்றிக்கொண்டேன். இன்றும் அவர் பழையதைத்தான் சொல்கிறார் என்று கேள்வி.

என் பெயரைப் போலவே பெயர் வைத்துக்கொண்டால்?

ஹூடினி காலத்திலேயே ஒலி ஒத்துப்போகிற பெயர்களோடு ஆட்கள் முளைத்தார்கள். அவர் ஒரு காரியம் செய்தார்: போட்டியாளர்கள் வந்து நிரப்பப்போகும் இடத்தைத் தன் தம்பியை வைத்தே நிரப்பினார். "ஹார்டீன்" என்ற பெயரில் தம்பியும் விலங்கு அவிழ்க்கும் ஷோ செய்தார், வெளியே இருவரும் போட்டியாளர்கள் போலத் தெரிந்தார்கள். காப்பியும் குடும்பத்துக்குள், காசும் குடும்பத்துக்குள்.

பெயரைத் திருடுவதன் உச்சம் சங் லிங் சூ. சிங் லிங் ஃபூ என்ற நிஜமான சீனக் கலைஞரைப் பார்த்து, வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் சீன வேஷமும் சீனப் பெயரும் போட்டுக்கொண்டார். 1905-ல் இருவரும் ஒரே நேரத்தில் லண்டனில் ஷோ நடத்தினார்கள். ஃபூ சவால் விட்டார், போட்டி நாளில் அவரே வரவில்லை. ஊர் போலியின் பக்கம் நின்றது. ராபின்சன் 1918 மார்ச்சில் துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் ஐட்டத்தில் மேடையிலேயே சுடப்பட்டு மறுநாள் இறந்தார். அசல் ஆளுக்கு நியாயம் தானாகக் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருப்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வேன்.

இன்று நாம் செய்யக்கூடியது: மேடைப் பெயரை வணிகக் குறியாக (டிரேட்மார்க்) பதிவு செய்வது. பொழுதுபோக்குச் சேவைக்கு 41-ஆம் வகுப்பு. தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் வகுப்புக்கு 4,500 ரூபாய், பதிவு 10 வருடம், பிறகு புதுப்பிக்கலாம். நம் பக்கத்துக்கான வணிகக் குறி அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. "மேஜிக் ராஜா" மாதிரிப் பெயராக இருந்தால் பணத்தை வீணாக்காதீர்கள், ஊருக்கு நாலு ராஜா இருக்கிறார்கள்.

என்னிடம் உதவிக்கு இருந்த பையன் பிரிந்துபோய் என் ஷோவையே செய்கிறான்.

சம்பளம் ஒழுங்காகக் கொடுத்தீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தக் கேள்விக்குப் பாதி பதில் அங்கேதான் இருக்கிறது. பெட்டி தூக்க வந்தவனுக்கு வித்தையும் சொல்லிக்கொடுத்து, மேடையில் பெயர்கூடச் சொல்லாமல் பத்து வருடம் வைத்திருந்தால் அவன் எதைக் கொண்டு பிழைப்பான்? என்னிடம் வருபவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: கைவேலை எல்லாம் உனக்கு, என் கதைகள் மூன்று எனக்கு. ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம். தகராறு வந்ததில்லை.

குறைந்த ரேட்டுக்குப் போய் என் பார்ட்டிகளைப் பிடிக்கிறார். பார்ட்டியிடம் அவரைப் பற்றிச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். பார்ட்டிக்கு நம் சண்டை வேண்டாம், பிள்ளைகள் சிரித்தால் போதும். ஈவென்ட் ஆட்களிடம் மட்டும் நான் ஒன்று சொல்வேன்: "அதே ஐட்டம் அங்க நடந்திருந்தா சொல்லுங்க, வேற செட் கொண்டு வர்றேன்." மாற்று செட் இருக்கிறது என்பதே அவர்களுக்குப் போதும், குறைந்த ரேட்டுக்குப் போகிறவரிடம் அது இருக்காது. போன இடத்தின் பெயர், தேதி, செய்த ஐட்டம் எல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். தலைமையாசிரியர் கேட்ட அன்று ஆரம்பித்த பழக்கம்.

பெரிய பெட்டி ஐட்டங்களைத் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்வதும் திருட்டா?

ஆமாம், பல நேரம். பெண்ணின் நடுப்பகுதியை மட்டும் பக்கவாட்டில் நகர்த்தும் ஜிக்ஜாக் பெட்டியை 1960-களில் ராபர்ட் ஹார்பின் உருவாக்கினார். பிறகு 500 பிரதி மட்டும் அச்சிட்ட ஒரு புத்தகத்தில் வரைபடத்தோடு வெளியிட்டு, அதை வாங்கியவர்கள் செய்துகொள்ளலாம் என்றார். உலகத்தில் இருக்கும் ஜிக்ஜாக் பெட்டிகளோ அந்த 500-ஐ எப்போதோ தாண்டிவிட்டன. நம் ஊரில் ஓடும் பெட்டிகளில் எத்தனைக்கு அனுமதி இருக்கிறது என்று நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை. என் கொட்டகையிலும் ஒன்று கிடக்கிறது. அதை ஓரம் கட்டி எட்டு வருடமாகிறது, ஆனால் அதை வைத்துச் சம்பாதித்த காசு செலவாகிவிட்டது.

ரகசியத்தை உடைத்து வீடியோ போடுகிறார்களே?

போடட்டும். தேடிப் பார்ப்பவன் இரண்டு நாளில் மறந்துவிடுவான். முன்வரிசையில் உட்கார்ந்து கத்தும் பையன்தான் தொல்லை, அவனையே மேடைக்குக் கூப்பிட்டு சொம்பைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் யாரையும் காப்பி அடித்ததே இல்லையா?

தலைப்பாகை பற்றி மேலே சொன்னேன். அதற்கும் முன்னால் என் குருவின் நடை, குருவின் கைக்குட்டை மடிப்பு, குருவுக்குச் சளி பிடித்திருந்த சமயம் வந்த ஒரு கரகரப்புக் குரல்வரை எடுத்துக்கொண்டேன். அவர் ஒரு நாள் பார்த்துவிட்டு, "என்னடா, எனக்குச் சளி போயி ஆறு மாசமாச்சு," என்றார். அதன் பிறகுதான் விட்டேன். ஆரம்பத்தில் யாரையாவது பார்த்துத்தான் செய்ய முடியும். எத்தனை வருடம் கழித்தும் அதையே செய்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

காப்பி அடித்தவர் என்னைவிட நன்றாகச் செய்தால்?

அந்த டீக்கடைப் பையன் போன தை மாதம் எங்கள் பக்கத்துத் திருவிழாவில் செய்தான். பின்வரிசையில் நின்று பார்த்தேன். கடன் நோட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் படிக்கிறான், ஒவ்வொரு பெயருக்கும் காலிச் சொம்பிலிருந்து ஒரு டீ வருகிறது. கடைசிப் பெயர் அவன் அப்பாவுடையது. அதற்கு மட்டும் ஒரு சொட்டும் வரவில்லை. கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது. என் அப்பத்தாவுக்கு அந்த அமைதி கிடைத்ததே இல்லை, இருமலும் சிரிப்பும்தான்.

ஷோ முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். "கடைசியில சொம்பைக் கவுத்துக் காட்டும்போது கை கொஞ்சம் ஆடுது, அதைப் பாத்துக்க," என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்க வந்துவிட்டேன்.